ஒருநாள் முந்திய காலடி

எபினேசரின் காலடிச் சத்தம் எபினேசருக்கு ஒருநாள் முன்னால் ஓட ஆரம்பித்ததை எங்கள் காலனியில் முதலில் கண்டுபிடித்தவை நாய்கள்தான், ஆளே இல்லாத ரோட்டில் ஷூ சத்தம் மட்டும் தொம் தொம் என்று வருவதைக் கேட்டு அவை குரைக்கவில்லை, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, சத்தம் தாண்டிப் போகும்வரை தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு கிடந்தன. நாங்கள் நாய்களைவிடக் கொஞ்சம் தாமதம். எண்ணூர் போகிற வழியில் பழைய உப்பளத்தை மண் போட்டு மூடிக் கட்டிய ஹவுசிங் போர்டு காலனி எங்களுடையது, பெயரே உப்புமேடு, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் உப்புப் பூக்கும், மழைக்காலத்தில் படிக்கட்டு வியர்க்கும், அதனால் இப்படி ஒன்று நடந்தபோது நாங்கள் வாயைப் பிளக்கவில்லை. பயம்தான் வந்தது, அதுவும் உடனே வரவில்லை.

எபினேசர், ஒன்றாம் பிளாக் மூன்றாம் மாடியில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்து ராப் பாடுகிறவர்களுக்கு பீட் போட்டுக் கொடுக்கிறவன், வட சென்னையில் ஆத்திரமாகப் பேச வாய் உள்ள எல்லாரும் ஏதோ ஒரு சமயம் அந்த அறையில் வந்து வியர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் நின்று பாடிப் பாடி இளைக்க, இவன் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பெருத்தான். பரோட்டாவும் பிரியாணியும் கீழிருந்து கயிற்றில் கட்டிய கூடையில் மேலே போகும். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் மேல் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்க, அவன் மனைவி சலோமி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், அங்கே டாக்டர் அவன் இதயத்தின் படத்தைத் திரையில் காட்டி, "இப்படியே உக்காந்திருந்தா நாற்பதைப் பாக்க மாட்டீங்க, நாளையிலேருந்து நடங்க, அப்புறம் ஓடுங்க" என்று சொன்னார். எபிக்கு அப்போது முப்பத்தெட்டு.

சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்க நின்று பில் போடுகிறவள் சலோமி, அவள்தான் அவனுடைய வீங்கிய காலுக்கு ஏற்ற பெரிய அளவில் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து, விடியற்காலையில் அவனை எழுப்பி உட்காரவைத்து, அவனால் குனிய முடியாததால் கயிற்றையும் அவளே கட்டி, கீழே அனுப்பினாள். முதல் நாள் அவன் ஒன்றாம் பிளாக்கிலிருந்து இரண்டாம் பிளாக் வரைக்கும் ஓடி, தனகோட்டி அக்காவின் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அக்கா சொம்பைக் கொடுத்துவிட்டு, "இன்னாபா எபி, பஸ்ஸ உட்டுட்டியா?" என்று கேட்டார். மாடிக்கு மாடி சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, படுக்கையில் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அது அடிக்கிறதா என்று பார்த்தபடியே தூங்குகிறவனாக ஆகிவிட்டான், பீட்டைத் தவிர வேறெதையும் எண்ணத் தெரியாதவனுக்குத் தன் நெஞ்சே தப்புத் தாளம் போடுகிறதென்றால் எப்படி இருக்கும். அந்தப் பயம்தான் அவனை மறுநாளும் ஓட வைத்தது, அதற்கு மறுநாளும்.

அந்தச் சமயத்தில்தான் லோகு ஒரு பாட்டோடு வந்தான், எங்கள் காலனிக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல ராப்பர், காலனிக்குப் பின்னால் எரிகிற குப்பை மேட்டைப் பற்றி எழுதியிருந்தான், அதற்கு வயிற்றில் உதைக்கிற மாதிரி ஒரு கிக் வேண்டும் என்றான். கிக் என்றால் பீட்டின் அடியில் தொம் என்று இறங்குகிற அடி, பாட்டு நிற்பதே அதன் மேல்தான். எபி கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்துச் சலித்து, ஒரு காலையில் ரெக்கார்டரைக் காலோடு கட்டிக்கொண்டு ஓடித் தன் காலடியையே பதிந்துகொண்டு வந்தான், அவ்வளவு எடை சிமெண்ட் ரோட்டில் இறங்குகிற சத்தத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு பேஸ், ஒரு கனத்த அடிநாதம் இருந்தது, கேட்டவனுக்கு வயிற்றுக்குள் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. ஒரே குறை, மூச்சு வாங்குகிறவனின் கால், ஒவ்வோர் அடியும் தாளத்துக்குப் பின்னாலேயே விழுந்தது. பின்தங்குகிற டிராக்கை மௌஸால் பிடித்து ஒரு மயிரிழை முன்னால் இழுத்து வைப்பது பீட் போடுகிற எல்லாரும் செய்கிற வேலை. எபியும் பிடித்து இழுத்தான், இழுக்கும்போது சமையலறையிலிருந்து நெத்திலி வறுக்கிற வாசனை வந்தது, திரும்பிப் பார்த்தவனின் கை இழுத்துக்கொண்டே போய்விட்டது, காலடி டிராக் முழுவதும் திரையின் இடது ஓரத்தைத் தாண்டி, பாட்டு ஆரம்பிப்பதற்கும் முன்னால், எதுவுமே இருக்கக் கூடாத இடத்துக்குள் போய் மறைந்தது. அவன் அதைக் கவனிக்காமல் சேவ் செய்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மறுநாள் விடியும் நேரத்தில் சலோமி கீழே ஷூ சத்தத்தைக் கேட்டாள், பக்கத்தில் குறட்டை விடுகிற புருஷனைப் பார்த்தாள், மறுபடியும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அவனை எழுப்பி, ஷூ மாட்டி, கீழே அனுப்பினாள். அவன் ஓடினான், பஞ்சு மூட்டை உருளுகிற மாதிரி, சத்தமே இல்லாமல். அந்த முதல் ஓட்டத்தின் சத்தம் மட்டும் முந்தின நாளே வரவேண்டியது, வரத் தெரியாமல் எங்கோ தங்கிவிட்டது போல, மற்றதெல்லாம் அன்றிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. காலையில் பால் வாங்கப் போகிறவர்களுக்கு எபியின் உடம்பு ஒரு பக்கம் சத்தமில்லாமல் எதிரே வரும், எபியின் சத்தம் இன்னொரு பக்கம் உடம்பில்லாமல் தாண்டிப் போகும், இரண்டுக்கும் ஒதுங்கி வழி விட்டுவிட்டு அவர்கள் பால் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தச் சத்தம் நாளைக்கு உரியது என்று முதலில் சொன்னவர் அசோசியேஷன் செயலாளர் குணசீலன். காய்ந்து கிடந்த ரோட்டில் ஒரு காலை ஷூ சத்தம் சளக் சளக் என்று தண்ணீரில் மிதித்துக்கொண்டு போயிற்று, மறுநாள் பருவம் தப்பிய மழை கொட்டி ரோடு குளமாக, எபி கணுக்கால் தண்ணீரில் துளிச் சத்தமில்லாமல் ஓடினான், குணசீலன் மாடியில் நின்று பார்த்துவிட்டு, "இது நேத்தே கேட்டதாச்சே" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு உப்புமேட்டில் யாரும் டிவியில் வானிலை பார்க்கவில்லை. துணி காயப்போடுவதற்கு முன்னால் எபியின் கால் ஈரமாகப் போனதா என்று கேட்டோம், சத்தம் வளைந்து வளைந்து போனால் மறுநாள் ரோட்டில் குடங்கள் வரிசை நிற்கப் போகிறது, அதாவது தண்ணீர் லாரி வரப்போகிறது என்று தெரிந்துகொண்டோம், சத்தம் சரளைக்கல்லில் நறநறவென்று போன அன்று கார்ப்பரேஷன்காரர்கள் மறுநாள் ரோட்டைத் தோண்டப் போகிறார்கள் என்று வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்தினோம். குண்டு எபி எங்களுக்கு எபி அண்ணன் ஆனான். அவன் ஓடுகிற வழியைக் கூட்டிப் பெருக்கி வைத்தோம். தனகோட்டி அக்கா அவனுக்கென்று சர்க்கரை போடாத டீ போட்டு வைத்துக்கொண்டு நின்றார்.

எபிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "என் காலு எனக்கு முன்னாடி போவுதுடா, எங்க போவுதுன்னு எனக்கே தெரியல" என்று லோகுவிடம் சொன்னான். பாட்டைத் திறந்து அந்த டிராக்கைத் தேடினான், பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, செய்ததை அழிக்கிற பொத்தானை விரல் வலிக்க அழுத்தியும் அது திரும்பி வரவில்லை. அதனால் ஒவ்வொரு காலையும் ரெக்கார்டரை வராந்தாச் சுவரின் மேல் வைத்துத் தன் நாளைய ஓட்டத்தைப் பதிந்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பல் துலக்குவான். நாளைக்கு ஓடி முடித்து வீடு வந்து சேருகிறோம் என்று காதால் கேட்டால்தான் அவனுக்கு இன்றைக்குச் சோறு இறங்கியது.

எங்கள் பயம் ஏழாம் பிளாக்கில் ஆரம்பித்தது. ஒரு காலை, ஓடிவந்த சத்தம் ஏழாம் பிளாக்குக்கு முன்னால் நின்றது, நெடுநேரம் நின்றது, பிறகு ஓடாமல் மெதுவாக நடந்து போயிற்று. இளைப்பாறுகிறான் என்று நினைத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாசிலாமணி டிவி பார்த்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்தார், மறுநாள் காலை ஏழாம் பிளாக் வாசலில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஷாமியானா நின்றது, ஓடிவந்த எபி அங்கே நின்று, தொப்பியைக் கழற்றி, மாலைகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, மெதுவாக நடந்து போனான்.

அதற்குப் பிறகு உப்புமேட்டில் விடியற்காலையில் சத்தம் கிளம்பியதும் ஒவ்வொரு பிளாக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், நீராவி வருமுன் குக்கரை இறக்கி வைப்பார்கள், குழந்தையின் வாயில் முலையைத் திணிப்பார்கள், தொம் தொம் என்று சத்தம் நெருங்கி, வாசலுக்கு வந்து, தாண்டினால், நாலு மாடியும் சேர்ந்து விடுகிற பெருமூச்சில் கொடியில் துணி ஆடும். தாண்டிவிட்டது என்றால் அடுத்த பிளாக்கின் தலையெழுத்து. சாயங்காலங்களில் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஆட்கள் மூன்றாம் மாடி ஏறிப்போய் எபியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, எங்க பிளாக் கிட்ட மட்டும் நிக்காதப்பா, மூச்சு வாங்குனா அஞ்சாம் பிளாக்ல நின்னு வாங்கிக்க." அஞ்சாம் பிளாக்காரர்கள் கொஞ்சம் கழித்து வந்தார்கள்.

ஒருமுறை சத்தம் மூன்றாம் பிளாக் வாசலில் நின்றது. அன்று மூன்றாம் பிளாக்கில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை, சுகர் உள்ளவர்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், இரண்டு குடும்பம் திருவொற்றியூருக்கு உறவுக்காரர் வீட்டுக்கே போய்விட்டது. மறுநாள் காலை மிச்சமிருந்தவர்கள் ரோட்டின் இருபுறமும் நின்றுகொண்டு, வருகிறவனை நிற்கவிடாமல், "ஓடு, ஓடு, நிக்காத" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள், தள்ளிய தள்ளில் அவன் ஒரு ஷூ கழன்று, அதை மாட்டுவதற்காக, சரியாக அந்த வாசலில், சரியாக அவ்வளவு நேரம், நின்றான். யாரும் சாகவில்லை. ஆனால் கேட்டது கேட்டபடி நடக்கும், தள்ளினாலும் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

இன்னொரு முறை எபியே பயந்து, இன்றைக்கு ஓடமாட்டேன், சத்தம் என்ன செய்கிறது பார்க்கலாம் என்று போர்த்திக்கொண்டு படுத்தான். அன்று காலை லோகுவின் ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை, வீட்டில் செருப்பைத் தேடியவன் கிடைக்காமல், எபி வீட்டு வாசலில் கிடந்த ஷூவைக் காலில் நுழைத்துக்கொண்டு ஆட்டோவைத் தள்ளியபடி காலனியைச் சுற்றி ஓடினான், சத்தமே வரவில்லை, நேற்று கேட்ட இடத்தில் நின்று, நேற்று கேட்ட இடத்தில் திரும்பினான். ஷூவுக்கு யார் கால் என்றெல்லாம் கணக்கில்லை போல என்று சிரித்தோம். சலோமி சிரிக்கவில்லை, பிரஷ்ஷை எடுத்து அந்த ஷூவைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தனகோட்டி அக்கா பிறகு சொன்னார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. எபி வழக்கம்போல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தான், நாலாம் பிளாக் அருகே வந்துவிட்டான், இப்போதெல்லாம் அவனால் ஒரு சுற்று நிற்காமல் ஓட முடிந்தது, தொப்பை கூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவனுடைய நாளைய சத்தம் பின்னால் கிளம்பி வந்தது, அவனைத் தாண்டியது, எல்லாப் பிளாக்கையும் நிற்காமல் தாண்டியது, நாங்கள் பெருமூச்சு விட்டோம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கிற பம்ப் ரூம் திருப்பத்துக்குப் போனது, அங்கே சரக்கென்று ஷூ சறுக்குகிற சத்தம், படிக்கல்லில் ஏதோ மோதுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எழுந்து நடக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தோம், கால் தேய்க்கிற சத்தமாவது வரும் என்று காத்திருந்தோம், குப்பை மேட்டில் காக்கை கத்துகிற சத்தம்தான் கேட்டது. தான் விழுவதைத் தானே கேட்டுவிட்டு எபி நடுரோட்டில் நின்றான். நாலு மாடிகளிலிருந்தும் நாங்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தோம், அப்படிப் பார்த்திருக்கக் கூடாது, இருக்கிற ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. அவன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு நடந்தான். தனகோட்டி அக்கா அடக்க முடியாமல் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

சலோமி அவனை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, "முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லையே, நல்லா ஓடியிருக்கீங்க, விட்டுடாதீங்க, நாளைக்கும் ஓடுங்க" என்றார். நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எபி சலோமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கூட்டம். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், அவித்த முட்டை. பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். எபி உட்கார்ந்திருக்கும்போதே எபி எவ்வளவு நல்லவன் என்று பேசினோம், எபி போட்ட பீட்டைக் கேட்டால் செத்தவன்கூட எழுந்து ஆடுவான் என்று யாரோ சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். குணசீலன் சலோமியைத் தனியாகக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமி, "நாற்காலிக்கெல்லாம் அசோசியேஷன்ல சொல்லி வச்சிட்டோம்மா, நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார்.

"அண்ணே, இவரு இன்னும் டீ குடிச்சிகினு கீறாரு," என்றாள். "எல்லாம் எய்ந்து போங்க."

எல்லாரும் போன பிறகு எபி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையில் பதிந்த சத்தத்தின் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டான், சரக், மோதல், ஒன்றுமில்லை, சரக், மோதல், ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டான். ஒரு சின்னத் துண்டை எடுத்துச் சுற்றவிட்டுக் கேட்பது அவனுடைய தொழில், அந்தத் தொழிலே அன்று அவன் கழுத்தைப் பிடித்தது, அதை விட்டு அவனால் வெளியே வர முடியவில்லை. சலோமி வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"சலோ, நான் போவல. கதவ வெளிய பூட்டிக்கோ. நாளைக்கு முச்சூடும் இந்த ரூம்லயே உக்காந்துகினு இருக்கேன்."

"போவாத."

"ஆனா கேட்டுச்சே. கேட்டது நடக்காத போவாதே."

"சறுக்கி உயறதுதான கேட்டுச்சி? செத்த சத்தமா கேட்டுச்சி?" என்றாள். "உய்ந்தவங்க எல்லாம் செத்தா பூடறாங்க?"

"என் ஒடம்புக்கு, என் ஹார்ட்டுக்கு, நான் அங்க உய்ந்தா எந்திரிப்பனா சொல்லு."

அவன் குழந்தை மாதிரி அழுதான், சாக எனக்குப் பயமா இருக்கு சலோ என்று திரும்பத் திரும்பச் சொன்னான், அவள் அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஷூ எங்கே என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றான். "குடு, நான் பீரோல வச்சி பூட்றேன், உன் கண்ணுல பட வேணாம்" என்று எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு அது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கண்ணைக் கொட்டாமல் கிடந்தவன் வெளுக்கிற நேரத்தில் அசந்துவிட்டான். விழித்தபோது அறையில் வெளிச்சம், கை தானாகப் போய் ஹெட்போனை எடுத்தது, பொத்தானை அழுத்தியது, நேற்று கடைசித் துண்டை மட்டும் சுற்றவிட்டுக் கேட்டவன் இந்தமுறை அந்த இடத்துக்குத் தள்ளி வைக்காததால் சத்தம் ஆரம்பத்திலிருந்து ஓடியது, படிக்கட்டில் இறங்குகிற கால், ரோட்டில் ஓடுகிற கால். அவன் எழுந்து உட்கார்ந்தான். நேற்று முழுவதும் கேட்டும் கேட்காத ஒன்று இப்போது கேட்டது. அடியில் பேஸ் இல்லை. சத்தம் மெலிசாக, வேகமாக, குதிகால் ஷூவுக்குள் தளர்ந்து தளர்ந்து அடிக்கிற சத்தமாக இருந்தது, பெரிய ஷூவுக்குள் சின்னக் கால். தன் காலடி தெரியாதவனா அவன், இது அவன் கால் இல்லை. பக்கத்தில் பார்த்தான், சலோமி இல்லை. பீரோ திறந்து கிடந்தது. வாசல் கதவு வெளியே பூட்டப்படவில்லை, சும்மா சாத்தியிருந்தது.

நாங்கள் அப்போது வராந்தாக்களில் நின்றுகொண்டிருந்தோம். எபியின் பெரிய டிஷர்ட்டும் தொப்பியும் ஷூவும் போட்ட உருவம் ஒன்றாம் பிளாக்கிலிருந்து இறங்கிச் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்தோம், ஒரே நாளில் எப்படி இளைத்துவிட்டான் பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார், அவ்வளவுதான் எங்களுக்குப் பேச வந்தது. நில்லு என்று யாரும் சொல்லவில்லை. கேட்டது கேட்டபடி நடக்கட்டும், நம் வாசலில் இல்லாமல் பம்ப் ரூமில் நடக்கட்டும், சீக்கிரம் நடந்து முடியட்டும் என்று நின்றோம், அன்றைய பயத்தில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். உருவம் தொட்டியைத் தாண்டியது. திருப்பம் வந்ததும் அது வேகத்தைக் குறைத்து, தரையைப் பார்த்து, பாசி பிடித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்காரப் போகிற மாதிரி குனிந்து, இரண்டு கைகளையும் ஊன்றுவதற்கு நீட்டியது.

அந்த நேரத்தில் ஒன்றாம் பிளாக் படிக்கட்டிலிருந்து சத்தம் வந்தது, தப் தப் தப் என்று வெறுங்கால் சத்தம், நேற்று நாங்கள் யாரும் கேட்காத சத்தம், அதன் பின்னாலேயே இன்னோர் எபினேசர், லுங்கியோடு, மேலே சட்டையில்லாமல், ரோட்டுக்கு ஓடிவந்து, "சலோ! சலோ, நில்லு!" என்று கத்தினான்.

அவள் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிய காலின் கீழே ஷூ பாசியில் சறுக்கியது, கை ஊன்ற இடமில்லாமல் அவள் பக்கவாட்டில் சாய்ந்து, பம்ப் ரூம் படிக்கல்லில் தலை மோத விழுந்தாள், அந்த விழுகையில் ஒரு சத்தமும் இல்லை, அது நேற்றே கேட்டு முடிந்துவிட்டது. "யம்மா" என்ற குரல் மட்டும் கேட்டது. பெண் குரல். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எபி ஓடினான். ஒன்றாம் பிளாக்கிலிருந்து பம்ப் ரூம் வரைக்கும் அவன் ஓடியதைப்போல் எங்கள் காலனியில் அதுவரை யாரும் ஓடியதில்லை, கால் இறங்குகிற இடத்தில், இறங்குகிற அதே நேரத்தில், தொம் தொம் என்று சத்தம் எழுந்தது, நாய்கள் அத்தனையும் ஒன்றாகக் குரைத்தன. அவளைப் புரட்டினான், தொப்பி கழன்று கூந்தல் ரத்தத்தில் நனைந்திருந்தது, ஷூ இரண்டும் எங்கோ தெறித்துக் கிடந்தன. லுங்கியின் ஓரத்தைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டி, இரண்டு கைகளிலும் அவளை அள்ளிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற பெரிய கேட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினான். கேட் அங்கிருந்து தூரம். கையில் சுமையில்லாமலே அவ்வளவு தூரம் அவன் நிற்காமல் ஓடியதே சமீபத்தில்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள் என்று அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். அவள் பேசியது, காலனி அவ்வளவு அமைதியாக இருந்ததால், எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அடிபடாத பாத்து உயலாம்னுதான்யா போனேன். நீ கூப்ட்ட."

எபியிடம் பேச மூச்சு இல்லை, அவன் நெஞ்சு மேலும் கீழும் போவது நாலாம் மாடியிலிருந்து தெரிந்தது, முகம் கருத்துக்கொண்டு வந்தது, வாய் திறந்திருந்தது.

"மெதுவாப் போயேன்," என்றாள் அவள். "உனுக்கு மூச்சு வாங்குது பாரு."

அவன் மெதுவாகப் போகவில்லை. தனகோட்டி அக்காதான் முதலில் படியிறங்கி அவன் பின்னால் ஓடினார், லோகு ஆட்டோவை எடுக்க எங்கிருந்தோ கத்திக்கொண்டு ஓடினான், மற்ற நாங்கள் எல்லாரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றோம், ஏனென்றால் அந்தத் தொம் தொம் கேட் வரைக்கும் போகிறதா, நடுவிலேயே எங்காவது நின்றுவிடுகிறதா என்று நேற்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.